லட்சுமணன் பேர் ஓடிய வருஷங்கள்

போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். துரைக்கு இத்தனை வருஷமாக ஆறாத கோபம் அது ஒன்றுதான். கறுப்புக் கோட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவளவள் இஷ்டம். அதற்கெல்லாம் டிரெய்லர் ஓட்டுகிறவனிடம் யாரும் பர்மிஷன் கேட்கப்போவதில்லை. ஆனால் நம்பிக் கேஸைக் கொடுத்தவன் படியேறி வந்து நிற்கும்போது வக்கீல் இருந்த இடத்தில் வெங்காய மூட்டை இருந்தால் அவன் என்ன செய்வான்?

அன்று துரையோடு பூமாரியும் வந்திருந்தாள். லட்சுமணன் பெண்டாட்டி. புருஷன் செத்த கேஸ் ஹைகோர்ட்டுக்குப் போனதே, என்ன ஆயிற்று என்று கேட்கப் புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரத்துக்கு வந்தார்கள். மாடியறையைக் கீழே இருந்த பிரியாணிக் கடைக்காரர் குடோனாக எடுத்திருந்தார். ‘அ. யசோதரா, வழக்கறிஞர்’ என்ற போர்டு, எலி ஏறாமல் இருக்க மூட்டைக்கு மேல் மூடியாகக் கிடந்தது.

"வக்கீலம்மாவா? அவங்க காலி பண்ணிகினு பூட்டாங்களே. இன்னாமோ கம்ப்யூட்டர் கம்பெனியாம். கேஸ் கட்டெல்லாம் யாரோ பெரிய வக்கீல் கைல குடுத்துட்டாங்களாம்," என்றார் கடைக்காரர்.

பூமாரி அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ எங்க வூட்டுக்காரரு?" என்று கேட்டாள்.

கேஸ் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் என்றுதான் சொன்னாள். கடைக்காரர் துரை முகத்தைப் பார்த்தார். துரை படியிறங்கினான்.

யசோதரா எங்கிருந்தோ வந்த வக்கீல் இல்லை. அதே புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்தவள்தான். அப்பா பேர் அறிவு, துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா ரமாபாய், ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். தண்ணி லாரி வரும்போது யசோதரா குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, எவளாவது அதைக் காலால் தள்ளினால் சின்ன வயசிலேயே நியாயம் பேசுவாளாம். சட்டம் படித்து முடித்ததும் பெரிய வக்கீல் யாரிடமும் போய் ஒட்டிக்கொள்ளவில்லை. வண்டிக்காரன், லோடுமேன், கிரேனில் கை போனவன் என்று வந்தவர்களை வைத்தே தொழில் நடத்தினாள்.

அவள் கேஸ் கேட்கிற விதமே வேறு. ஆபீசில் உட்கார்ந்து கேட்க மாட்டாள். வண்டி நிற்கிற இடத்துக்கு வந்துவிடுவாள். "வாயால சொல்லாதண்ணா, செஞ்சி காட்டு" என்பாள். பிரேக் பிடிக்கவில்லை என்றால், சீட்டில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்ப்பாள். கிரீஸ் படிந்த கையோடு கோர்ட்டுக்குப் போய் நீதிபதியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். எண்ணூர் ரோட்டில் லாரிக்காரர்கள் அவளை "நம்ம வக்கீலு" என்றார்கள். சங்கத் தலைவரைக்கூட அப்படி ‘நம்ம’ என்று சொல்ல மாட்டார்கள்.

அவள் தோற்ற கேஸ்களில் ஒன்றுதான் அவளை விடவில்லை. லட்சுமணன் கேஸ்.

லட்சுமணன் செத்தது துரை பேரில்.

அதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். ஹார்பர் கேட்டில் வண்டி நுழைய டிரைவருக்குப் பாஸ் வேண்டும். ஆளுக்கொரு பாஸ், வண்டிக்கொரு பேர் என்றுதான் சட்டம். ஆனால் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் வண்டி நிற்காது. பேரை மாற்றி எழுத ரெண்டு நாள் அலைய வேண்டும். அதனால் படுத்தவன் பாஸை நிற்பவன் வாங்கிக்கொண்டு போவான். கேட்டில் கூப்பிடுகிற பேருக்கு "ஆமா" என்பான். முதலாளிக்கும் தெரியும், கேட்டில் நிற்பவருக்கும் தெரியும். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் துரை டெங்குவில் கிடந்தான். லட்சுமணன் வந்து, "நீ படு மாமு, உன் வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று பாஸை எடுத்துக்கொண்டு போனான். கேட்டில் "துரை?" என்றார்கள். "ஆமா" என்றான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குச் சுருள் தகடு கொண்டுபோய், இறக்குவதற்காகச் சங்கிலியைத் தளர்த்தும்போது கொக்கி தெறித்தது. நெற்றிப் பொட்டில் அடித்தது. அவ்வளவுதான். கீழே விழுந்தவனைப் பார்த்து மார்க்கெட்காரர்கள், "துரைக்கு அடிபட்டுச்சு" என்றுதான் போன் போட்டார்கள். காய்ச்சலில் படுத்திருந்த துரையின் பெண்டாட்டிக்கு அந்தப் போன் வந்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள். புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நஷ்டஈடு கேஸில் வண்டிக் கம்பெனி ஒரே ஒரு தாளைத்தான் நீட்டியது. கேட் ரெக்கார்டு. அன்றைக்கு அந்த வண்டியில் வேலை பார்த்தவர் பேர் துரை. லட்சுமணன் என்கிறவர் எங்கள் வண்டியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

துரை கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"கேட்ல துரைன்னு சொன்னது பொய்தானே?"

"நான் சொல்லலீங்க. அவன் சொன்னான்."

"அப்ப செத்தவர் பொய் சொன்னார்."

"எல்லாரும் சொல்றது தான் சார்."

"எல்லாரும் பொய் சொல்ற எடத்துலேருந்து நீங்க ஒருத்தர் மட்டும் உண்மை சொல்ல வந்திருக்கீங்க. அப்படித்தானே?"

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யசோதரா மட்டும் சிரிக்கவில்லை. கேஸ் தள்ளுபடி ஆயிற்று. லட்சுமணன் இறந்தது நிஜம். வேலையில் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. வேலையில் இருந்த துரை உயிரோடு இருக்கிறார். தீர்ப்பைத் தமிழில் இப்படித்தான் அவள் அவர்களுக்குச் சொன்னாள். வெளியே வந்து புங்க மரத்தடியில் நின்று, "துரைண்ணா, தாள்ல கீறவன் தான் ஆளு. மண்ணுல உழுந்தவன் ஆளு இல்ல" என்றாள். மேல்முறையீடு போட்டாள். அதன் பிறகு அவள் வண்டி நிற்கிற இடத்துக்கு வருவது குறைந்தது. பிறகுதான் அந்த வெங்காய மூட்டை.

எண்ணூர் ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டிரைவர் செத்துப்போனால் அவன் பாஸை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கூட்டாளிகள் முறை வைத்துக்கொண்டு, செத்தவன் பேரில் லோடு எடுப்பார்கள். அந்த லோடின் பேட்டாக் காசு அவன் வீட்டுக்குப் போய்விடும். இதற்குப் "பேரு ஓட்டறது" என்று பேர். பாஸ் காலாவதி ஆகிற நாள்வரை ஓட்டுவார்கள். அன்றைக்கு அவன் வீட்டில் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பாஸைக் காசிமேட்டுக் கடலில் போட்டுவிடுவார்கள். அதோடு அவன் போய்விட்டான் என்று அர்த்தம். பால் ஊற்றுவதும் பதினாறாம் நாளும் சொந்தக்காரர்களுக்கு. பாஸைக் கடலில் போடுவது டிரைவர்களுக்கு.

லட்சுமணன் பேரையும் ஓட்டினார்கள். துரையும் அவன் கூட்டாளி குணசேகரனும் இன்னும் ரெண்டு பேரும் மாற்றி மாற்றி, வேறு வேறு முதலாளி வண்டியில். பாஸ் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் யசோதரா திரும்பி வந்தாள்.

வந்தது வக்கீலாக இல்லை. கழுத்தில் கம்பெனி அட்டை, காலில் ஷூ, பின்னால் புரொஜெக்டர் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். திருவொற்றியூர் லாரி ஸ்டாண்டில் ஷாமியானா போட்டு டிரைவர்களுக்குக் கூட்டம் வைத்திருந்தார்கள். சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்கிற நாகர்கோவில்காரர் ஒருவரின் மகன் ஜெரின் ஆரம்பித்த கம்பெனி அது. ஹார்பரிலிருந்து கிளம்புகிற சரக்கு எந்த வண்டியில், யார் கையில், எப்போது, எங்கே என்பதைப் பிளாக்செயினில் ஏற்றுகிற வேலை. யசோதராவுக்கு அங்கே பிசினஸ் ஸ்ட்ராட்டஜி. அதாவது எந்த முதலாளிக்கு என்ன பயம், அவனிடம் எதைச் சொன்னால் இதை வாங்குவான் என்று யோசிக்கிற உத்தியோகம். முதலாளிகள் எங்கெங்கே பொய் எழுதுவார்கள் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்?

துரை கடைசி வரிசையில் கை கட்டி நின்றான்.

"இன்னா துரைண்ணா, உக்கார மாட்டீங்களா?" மைக்கை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"கம்பெனிக்காரங்க முன்னாடி எப்படிம்மா உக்கார்றது? மரியாத இல்ல?"

கூட்டம் சிரித்தது. அவள் முகம் ஒரு நொடி சுருங்கிற்று. பிறகு மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"இது இன்னான்னு கேக்கறீங்க. ஒருத்தன் தன் வூட்டு செவுத்துல ஒண்ணு எழுதறான்னு வெச்சிக்கங்க. அதையே பத்து வூட்டுக்காரனும் அவன் அவன் செவுத்துல எழுதிக்கறான். நாளிக்கு மொத ஆளு அதை அழிச்சா, மீதி ஒம்போது செவுரும் காட்டிக் குடுத்துரும். மொதலாளியால அழிக்க முடியாது. கேட்டுல நிக்கறவனால அழிக்க முடியாது. எங்களாலயே அழிக்க முடியாது."

"அப்போ சுண்ணாம்பு அடிக்கறவன் பொழப்பு போச்சு," என்றான் குணசேகரன்.

"சுண்ணாம்பு அடிச்சு தான் நம்ம கேஸெல்லாம் போச்சு, குணாண்ணா."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தொடர்ந்தாள். கேட்டில் வண்டி நிற்கும்போது டிரைவரின் செல்போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னால்தான் கேட் திறக்கும். அந்த நிமிஷத்தில் அவன் வேலையில் இருந்தான் என்பது பத்துச் சுவரிலும் ஏறிவிடும். இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன் என்றாள். டிரைவர் பேருக்குக் காலாவதி கிடையாது. யாரும் புதுப்பிக்க அலைய வேண்டாம். பிடிக்காத ஆளை "உன் பாஸ் முடிஞ்சிபோச்சு" என்று எந்த முதலாளியும் கழற்றிவிட முடியாது. இப்போது உயிரோடு இருக்கிற பாஸ் எல்லாம் அப்படியே இதில் ஏறிவிடும்.

கைதட்டினார்கள். துரையும் தட்டினான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், நம்மாள் ஒருத்தி மைக் பிடித்து முதலாளியை மடக்குகிறாள் என்றால் கை தானாகத் தட்டும். ‘உயிரோடு இருக்கிற பாஸ்’ என்றாளே, அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை.

லட்சுமணன் பாஸ் அன்றைக்கு உயிரோடு இருந்தது.

பாஸைக் கடலில் போட வேண்டிய நாள் வந்தது. போட அட்டை இல்லை. பேர் போனுக்குள் போய்விட்டிருந்தது. பேட்டா வந்தால் பூமாரிக்கு ஆகும், ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். லட்சுமணன் போனைப் பூமாரிதான் வைத்திருந்தாள். வண்டி கேட்டுக்கு வந்ததும் நம்பர் அந்தப் போனுக்குப் போகும். வண்டியில் இருக்கிறவன் போன் போடுவான். பூமாரி படித்துச் சொல்வாள்.

முதலில் நம்பரை மட்டும்தான் சொன்னாள். பிறகு, "உள்ள பூட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தாள். துரை முதல் தடவை அதைக் கேட்டபோது "பூட்டாரு" என்றான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நம்பரைப் படிப்பாள். உள்ள பூட்டாரா என்பாள். பூட்டாரு என்பார்கள். சரி என்று வைத்துவிடுவாள். வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் லோடு என்றால், "அங்க சாம்பலு பறக்கும், துண்டு எடுத்துகினாரா?" என்று கேட்பாள். எடுத்துகினாரு என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

அவள் பைத்தியம் இல்லை. படத்துக்குப் பூ வைக்கிறாள், ரேஷன் கார்டில் பேரை எடுத்துவிட்டாள். ஆனால் போன் கூவினால் அவள் குரல் மாறும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: அரிசி மூட்டையைத் தூக்க ஆள் கேட்டதற்கு, "அவரு எண்ணூர்ல கீறாரு, சாயங்காலம் வந்து தூக்கிடுவாரு" என்றாளாம். சொன்ன பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

வண்டிக்காரர்களுக்கும் ஏதோ ஆயிற்று. லட்சுமணன் பேரில் போகிற நாளில் இடது பக்க சீட்டில் யாரும் பை வைப்பதில்லை. யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை அது. அந்தப் பேரில் போனால் டயர் வெடிக்காது, போலீஸ் மடக்காது என்றான் குணசேகரன். நிஜமாகவே வெடிக்கவில்லை. கேட்டில் புதிதாக வந்த செக்யூரிட்டி துரையைப் பார்த்தால், "இன்னா லட்சுமணா, சாப்ட்டியா?" என்பான். துரை "ஆச்சு" என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் தேரடியில் கறி வாங்கிக்கொண்டு நின்றபோது பின்னால் யாரோ "லட்சுமணா!" என்று கூப்பிட்டார்கள். துரை திரும்பிப் பார்த்தான். கூப்பிட்டவர் வேறு யாரையோ கூப்பிட்டிருந்தார். கறிக்கடைக்காரன் மீதியை நீட்டியது தெரியாமல் நின்றான் துரை. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், "என் பேரச் சொல்லிக் கூப்டு" என்றான். புருஷன் பேரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்றாள். பேரைச் சொல்லவில்லை.

போன ஆடி மாசம் யசோதரா தேடிக்கொண்டு வந்தாள். வெயில் தாழ்ந்த நேரம். துரை திருவொற்றியூர்க் கடலோரம் கொட்டியிருக்கிற கருங்கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவி வந்தாள்.

"வழி தெரிஞ்சிச்சா கம்பெனிக்கு?" என்றான் துரை.

அவள் உட்கார்ந்தாள்.

"எங்க கம்பெனில விழா எடுக்கறாங்க. நல்ல டிரைவருக்குப் பரிசு. ஜெரின் சார் மெஷின்ல தேடிப் பாத்திருக்காரு. லேட்டே ஆகாத ஆளு, ஒரு நாளு சண்ட போடாத ஆளு, லீவு கேக்காத ஆளு. பேரு லட்சுமணன். மேடையில ஏத்தி மால போடணும், வூட்டம்மாவையும் கூப்டுங்கன்னு என்கிட்ட குடுத்தாரு."

துரை பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்தான்.

"வேற லட்சுமணன்னு நெனச்சேன். போன் நம்பரப் பாத்தேன். கேஸ் கட்டுல எத்தினி தடவ எழுதின நம்பரு, மறக்குமா? போட்டேன். பூமாரிக்கா எடுத்தாங்க. நான் யாருன்னு சொல்றதுக்கு முன்னாடியே..." அவள் கடலைப் பார்த்தாள். "‘அவரு உள்ள பூட்டாருங்க, சாயங்காலம் போடுங்க’ன்னாங்க."

தூரத்தில் ஹார்பருக்குள் போகக் காத்திருக்கிற கப்பல்கள் நின்றன.

"பேரு ஓட்டறோம்," என்றான் துரை. "உனக்குத் தெரியாதது இல்ல."

"பாஸ் முடிஞ்சா கடல்ல போட்டுருவீங்களே அண்ணா."

"முடியாத மாதிரி செஞ்சது யாரு? கை தட்டுனமே அன்னிக்கு. நீ பாட்டுக்கு வக்கீலாவே இருந்திருந்தா அவன் எப்பவோ போய் சேந்திருப்பான்."

சொன்ன பிறகு துரைக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் அவள் கோபப்படவில்லை.

"அந்த தீர்ப்புக்கப்புறம் என்னால கோட்டு போட முடியல துரைண்ணா. எவன் பேரக் கூப்ட்டாலும் கோர்ட்ல, ‘ஆமா’ன்னு சொல்றவன் வேற ஆளோன்னு தோணும். இனி ஒருத்தனும் தாள்ல காணாம போகக் கூடாதுன்னு தான் இதுக்குப் போனேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா பூமாரிக்காவ இட்டுகினு வந்து முன்னால நிறுத்துவீங்க. அவங்க மொகத்தப் பாத்துட்டு என்னால போயிருக்க முடியாது."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றாள் அவளும்.

பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தாள். ஹைகோர்ட்டில் லட்சுமணன் கேஸ் விசாரணைக்கு வருகிறது. அன்றைக்குக் கீழ்கோர்ட்டில் தோற்றது எதனால்? கேட் ரெக்கார்டில் இருக்கிற பேர்தான் வண்டியில் இருந்த ஆள் என்று நம்பியதால். இன்றைக்கு அதே மாதிரி ரெக்கார்டு, யாராலும் அழிக்க முடியாத ரெக்கார்டு, செத்த மனுஷன் ஒருவன் வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறான் என்கிறது. அரசாங்கமே கொடுத்த இறப்புச் சான்று ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ரெண்டையும் நீதிபதி முன்னால் வைத்தால், கேட்டில் இருக்கிற பேர் வேறு, ஸ்டியரிங் பிடிக்கிற கை வேறு என்று குழந்தைக்கும் விளங்கும். துரை கூண்டில் சொன்னது பொய்யில்லை என்று ஆகும். லட்சுமணன் வேலையில் செத்தான் என்று ஆகும்.

"யார் போய் சொல்றது?"

"நான் தான். இந்த மெஷின வித்தவளே போய், இது ஆளக் காட்டாது, பேர மட்டும் தான் காட்டும்னு கூண்டுல ஏறி சொல்லப்போறேன். யார் யாரு ஓட்டுனீங்கன்னு கேட்டா பேரு சொல்ல மாட்டேன்."

"வேல?"

"ராஜினாமா எழுதி பையில வெச்சிருக்கேன்."

துரை அவளைப் பார்த்தான். முன்பு பிரேக்கை மிதித்துப் பார்த்த அதே முகம்.

"ஆனா ஒண்ணு கீது," என்றாள். "லட்சுமணன் பேரு ஓடிகினே இருந்தா, எதிர் வக்கீலு இது வேற லட்சுமணன்னுடுவாரு. பேர மூடணும். என்னால மூட முடியாது. ஜெரின் சாராலயும் முடியாது. எந்த மொதலாளியும் ஆள வெட்டக் கூடாதுன்னு நானே பூட்டின பூட்டு அது. ஒரே வழி தான் வெச்சிருக்கேன். கேட்ல மூணு தடவ நம்பர் போயும் பதில் வரலன்னா, ஆபீஸ்லேருந்து ஆளு அந்த வூட்டுக்கே போயி, டிரைவர் எங்கன்னு நேர்ல பாத்து எழுதணும்."

"நேர்ல பாத்தா படம் தான் மாட்டியிருக்கும்."

"அத தான் எழுதுவாங்க. அது பத்து செவுத்துலயும் ஏறும். அப்புறம் அவரு பேருல எந்த கேட்டும் தொறக்காது."

துரைக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பேட்டா நிற்கும், அது பெரிசில்லை, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் நம்பரைப் படிக்கிறவள் பூமாரி. அவள் படிக்காமல் இருந்தால்தான் லட்சுமணன் வேலையில் செத்தவன் ஆவான். அவளே அவனை அனுப்பிவைக்க வேண்டும்.

"நாங்களே போன் போடாம வுட்டுடறோம்," என்றான்.

"வண்டி கேட்டுக்கு வந்தா நம்பர் தானா போவும். நீங்க போடலன்னா அவங்களே உங்களுக்குப் போட்டு சொல்லுவாங்க. இன்னிக்கு அவருக்கு இன்னா ஆச்சோன்னு பதறிப் போய்ச் சொல்லுவாங்க. நீங்க யாராவது எடுப்பீங்க. அந்தக் கொரலக் கேட்டா எடுக்காம இருப்பீங்களா?"

இருக்க மாட்டான். அது அவனுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது எண்ணூர் ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். யசோதரா கோட்டுப் போடாமல் ஹைகோர்ட்டில் கூண்டு ஏறினாள். லாரி ஸ்டாண்டில் அவளைத் திட்டுகிறவர்களும் உண்டு, வழக்கத்தைக் காட்டிக்கொடுத்தாள் என்று. ஜெரின் மூன்று மாசம் அவள் போனை எடுக்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. லட்சுமணன் பேரில் இப்போது எந்தக் கேட்டும் திறப்பதில்லை. துரையைப் பார்த்து "இன்னா லட்சுமணா" என்ற செக்யூரிட்டி ஒரு நாள் ரெக்கார்டைப் பார்த்துவிட்டு ஜுரம் வந்து படுத்தான் என்று சொல்கிறார்கள். அது கதையாகவும் இருக்கலாம்.

அன்று கடலோரத்தில் அவள் துரையிடம் கேட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. சாட்சி சொல்லி முடிகிறவரை கேஸ்காரர்களோடு பேசக்கூடாது, பேசினால் சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார்கள், இனி போன்கூடப் போட மாட்டேன் என்றாள். எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டாள். ஆட்டோவரை போனவள் திரும்பி வந்தாள்.

"நாளிக்குக் காலைல குணாண்ணா மொற. லட்சுமணன் பேருல வண்டி கேட்டுக்குப் போவும். நீங்க வேலைக்குப் போவாதீங்க துரைண்ணா. பூமாரிக்கா வூட்டுக்குப் போயி கூட உக்காருங்க. மொதல்ல எல்லாத்தயும் சொல்லிடுங்க. கேஸ் ஜெயிக்கும்னு ஆச மட்டும் காட்டாதீங்க. நம்பர் வரும். ஒரு தடவ வரும், ரெண்டாந் தடவ வரும். போனப் புடுங்காதீங்க. ஆஃப் பண்ணாதீங்க. அவங்க கையிலயே இருக்கட்டும். படிக்கணும்னா படிக்கட்டும், நாம கேஸ வுட்டுறலாம். படிக்காம இருக்கறத அவங்களா செய்யணும். ‘உள்ள பூட்டாரா’ன்னு உங்கள கேட்டாங்கன்னா மட்டும், பூட்டாருன்னு சொல்லாதீங்கண்ணா."